ஆரஞ்சு வட்டங்கள் போட்ட சுவர்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருக்கும் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புதுப் பசையின் நெடி மூக்கில் ஏறியது. உன் மகன் கூடத்துச் சுவர் முழுவதும் வால்பேப்பர் ஒட்டியிருக்கிறான். பழுப்பு நிறத்தின் மேல் ஆரஞ்சு வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம். சோபாவுக்கும் அதே, ஜன்னல் திரைக்கும் அதே. வீட்டை இனி டூரிஸ்டுகளுக்கு விடப்போகிறானாம்.

"ரெட்ரோ லுக் சித்தி. மெயின்லேண்ட்ல இதான் இப்ப டிரெண்டு" என்றான்.

பெரிய கண்டுபிடிப்பு! ஜன்னலோரம் அதற்குள் ஈரம் இறங்கி, காகிதம் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இங்கே பெய்யும் மழையைக்கூடத் தெரியவில்லை.

அத்தான் தவறிப்போன புதிதில், ராமநாதபுரத்திலிருந்து வந்து இங்கேயே குடியேறிய அவருடைய சொந்தக்காரர்கள் உனக்கு என்ன சொன்னார்கள் என்று நினைவிருக்கிறது. இனிமேல் கண்ணை உறுத்தும் நிறம் கூடாது. வெளிறிய சேலையே போதும். உனக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. சில மாதம் கழித்து என்னை அபர்டீன் பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனாய். பாய் கடையின் பின்னறையில் ஏதோ ஒரு காலத்துத் திரைத்துணிகள் விற்காமல் கிடந்தன. தாம்பாளம் அளவுக்குப் பூக்கள், பச்சையும் பழுப்பும் பின்னிய கட்டங்கள், அந்த ஆரஞ்சு வட்டங்கள்.

"இதை யாரும் தொட மாட்டேங்கிறாங்கம்மா. பாத்தா தலை சுத்துதாம்" என்றார் பாய்.

"சுத்தட்டும் பாய். எல்லாத்தையும் குடுங்க."

திரும்பும் வழியில், இத்தனை துணி எதற்கு என்று கேட்டேன். "உடம்புலதானே உடுத்தக் கூடாதுன்னாங்க? சுவத்துக்கு உடுத்துறேன்" என்றாய்.

நீ ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தாய். நான் கீழே நின்று சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்தேன். பிளைவுட் சுவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி. எதிர்வீட்டு பெங்காலிப் பெண் எட்டிப் பார்த்து, "அரே தீதி, கர் ஹை யா சர்க்கஸ்?" என்றாள், வீடா சர்க்கஸா என்று. சர்க்கஸ்தான், டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே வா என்று நீயும் இந்தியிலேயே சொன்னாய். அவள் வந்தாள், டீயும் குடித்தாள். அத்தானின் சொந்தங்கள்தான் வாசலோடு நின்று முகத்தைச் சுளித்தார்கள். அவர்கள் வீட்டுச் சுவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு டியூப்லைட், ஒரு காலண்டர், எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து படிந்த கறை. அவர்கள்தான் உன் ரசனையைப் பற்றிப் பேசினார்கள்.

அவர்களையாவது விட்டுவிடலாம். உன் மகன் அந்தச் சுவர்களுக்குள் வளர்ந்தவன். டெலானிபூரில் ஆபீஸ் வேலை கிடைத்து, பெண் பார்க்க ஆரம்பித்ததும் அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. உன் கண் ஆபரேஷனுக்கு நாம் இருவரும் சென்னைக்குப் போயிருந்தபோது காரியத்தை முடித்துவிட்டான். கப்பலில் இருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வந்தோம். எல்லாம் வெள்ளை. சுவரிலிருந்து பிரித்த உன் துணிகளைப் பெயின்டர்கள் சொட்டு விழாமலிருக்கத் தரையில் விரித்திருந்தார்கள். வெள்ளை காய்ந்து, விறைத்துப்போய், ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

நீ கறுப்புக் கண்ணாடியோடு நின்று சுவரை விரலால் தடவினாய். "ஆபரேஷன்தான் சரியா வரலையோன்னு நெனச்சிட்டேன்" என்றாய்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கம்மா. நீட்டா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தான்.

நீ அவனைத் திட்டவில்லை. சென்னையில் எனக்கென்று எடுத்துக் கொடுத்த சேலையைத் திருப்பிக் கேட்டாய். மஞ்சளில் பெரிய சிவப்புப் பூக்கள். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்ததும் அதைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாய். உன் மகனின் முகம் சுவரைவிட வெளுத்தது. "சுவரு மொட்டையாயிடுச்சு. இனி நாந்தான் உடுத்தணும்" என்று என் காதில் சொன்னாய். பெண்ணின் அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சேலை எந்தக் கடையில் எடுத்தது?

கல்யாணமும் நடந்தது. ஆனால் நீ கண்மூடும்வரை அவன் உன்னோடு ரோட்டில் சேர்ந்து நடக்கவில்லை. கோயிலுக்குப் போனாலும் தெரியாதவன் மாதிரி முன்னால் போய்விடுவான். நீ பின்னால் பூவும் கட்டமுமாக, அவசரப்படாமல் நடந்து வருவாய்.

அந்த மகன்தான் ஞாயிற்றுக்கிழமை, முதல் விருந்தாளிகளாக வந்திருந்த ஒரு தம்பதியிடம், இதெல்லாம் என் அம்மாவின் டேஸ்ட், அவர் நினைவாகச் செய்தது என்று குழைந்து குழைந்து சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் திரும்பி, "சித்தி, இந்தச் சேர்ல உக்காருங்க. அம்மா இடத்துல ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றான்.

"எடு. அப்படியே இதுக்கு வெள்ளை அடிச்சது யாருன்னும் அவங்ககிட்ட சொல்லு" என்றேன்.

"சித்தி, பஸ் கரோ, போதும். கெஸ்ட் முன்னாடி போய்..."

"கெஸ்ட் முன்னாடிதானடா அன்னிக்கும் ஒனக்கு வெக்கமா இருந்துச்சு?"

அவன் உப்பிய காகிதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். அது வேறோர் இடத்தில் எழும்பியது. அவன் மனைவி டீ கொண்டு வந்தாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் குடிக்காமல் வந்துவிட்டேன். இறந்தவளின் ரசனையைப் புகழ என்ன தைரியம் வேண்டியிருக்கிறது? அவள்தான் கூட நடந்து வரப்போவதில்லையே.

உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் உன் பொறுமையைச் சொல்கிறார்கள். உனக்குப் பொறுமை இருந்ததே இல்லை. எனக்கு நீ விட்டுப்போனதும் அதை அல்ல.

போன மாதம் இங்கே கராச்சர்மாவில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவன் இறந்துபோனான். காரியம் முடிந்த கையோடு, மாமியாரும் நாத்தனாரும் அவளுடைய டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்து, இனி அவளுக்கு ஆகாத சேலைகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அவள் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் எடுத்ததையெல்லாம் உள்ளே போட்டு, மூடியைச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"நீங்க யாரு?" என்றாள் மாமியார்.

"பக்கத்து வீடு" என்றேன்.

அவர்கள் சுற்றி நின்று என்னென்னவோ பேசினார்கள். வந்த வேனிலேயே அவர்கள் ஏறிப் போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.