கோடு எழும்பினால் மட்டும் போதாது

மேலகரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் முத்துச்செல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் உன் அம்மாவுக்குச் சாரலில் சளி பிடித்திருக்கிறது, எனக்கு முழங்காலில் வீக்கம், மற்றபடி சுகம். நீ சுகமா என்பதை உன் வாயால் கேட்டால் நம்ப முடியாது. அந்த முழங்கால் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், பாதியில் லைனும் அறுந்துவிடும், அதனால் பேப்பரில் எழுதி அஃப்ஷானிடம் கொடுத்து உனக்கு மெயிலில் போடச் சொல்லப்போகிறேன். உன்னோடு படித்த கடையநல்லூர்ப் பிள்ளை அவள், அவளுக்கும் உன் ஆபீசில்தான் வேலை, ஆனால் ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கிறாள். நீயும் அப்படிப் பார்த்திருக்கலாம். சரி, விடு.

குற்றாலத்தில் சீசன் அமர்க்களப்படுகிறது, ஐந்தருவிக்குப் போகிற வண்டிகளால் நம் வீட்டிலிருந்து பைக்கை வெளியே எடுக்க முடியவில்லை, கணவாய்க் காற்றுக்கு மொட்டைமாடியில் துணி நிற்பதில்லை, நின்றாலும் காய்வதில்லை. உன் தம்பி இசக்கிராஜாவுக்கு லீவு இல்லையாம். பட்டாளத்தில் இருக்கிற அவனை நினைத்துக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

நீ தென்துருவத்துக்குக் கிளம்பும்போது என் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனாயே, பனியில் நட்டிருக்கிற உன் கம்பத்துக் கருவிகளிலிருந்து கோடு கோடாக வருமே, சிவப்பு குளிருக்கு, நீலம் காற்றுக்கு, அதைக் காலையில் காப்பிக்கு முன்னாலேயே பார்த்துவிடுவேன். மார்கழிக் காலையில் குத்துக்கல்வலசைப் பக்கம் சூளைப் புகை மேலே போகாமல் வயலோடு படுத்துக் கிடக்குமே, அந்த மாதிரி தரையை ஒட்டிக் கிடக்கிற காற்றைத்தான் நான் படிக்கிறேன் என்றாய். இங்கே வெயில் ஏறினால் புகை எழும்பிவிடும், அங்கே குளிர்காலம் முழுக்க வெயிலே இல்லாததால் குளிர்ந்த காற்று தரையோடு படுத்தே இருக்கும், கொஞ்சம் மேலே போனால் குளிர் குறையும் என்றாய். அப்படியானால் எம்புள்ள மாடியில தங்க வேண்டியதுதான, எதுக்குத் தரையில நிக்கா என்று அம்மா கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

போன வாரம் அந்த நீலக் கோடு ஏறிக்கொண்டே போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பண்பொழித் திருமலை முருகனிடம், அந்தக் காற்றை நிறுத்தப்பா, படியேறி வந்து தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அங்கன அடிக்க காத்து இங்கன தேங்கா ஒடச்சா நிக்குமா என்று உன் அம்மா நொடித்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் கோடு பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது! குளித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன், முழங்கால் வீங்க வீங்க மலையேறினேன், தேங்காய் உடைத்தேன், பக்கத்தில் நின்ற ஆட்களிடமெல்லாம் தென்துருவத்துக் காற்றையே நிறுத்திய சாமி என்று அளந்தேன். கீழே இறங்கியதும் அஃப்ஷானைக் கூப்பிட்டுப் பெருமையடித்தேன். அவள், மாமா, காத்து நிக்கல, காத்த அளக்குற காத்தாடிக் கிண்ணத்துல பனி பிடிச்சுச் சுத்தாம நின்னுட்டு, இப்பந்தான் செல்வி போயித் தட்டிவிட்டா, சுத்துது பாருங்க என்றாள். பார்த்தேன். கோடு முன்னைவிட உயரத்தில் நின்றது. நான் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ அந்த இருட்டில், அந்தக் காற்றில், வழி தவறாமலிருக்கக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாய் தாயி.

முப்பது வருஷம் போலீசில் குப்பை கொட்டியவனிடம் அந்தப் பிள்ளையால் எதை மறைக்க முடியும், இரண்டு கேள்வியில் மிச்சத்தையும் வாங்கிவிட்டேன். உன்னோடு வரவேண்டிய விஜயசங்கருக்குக் காய்ச்சல், நீ தனியாகப் போயிருக்கிறாய், தனியாகப் போகக்கூடாது என்று உங்கள் சட்டத்திலேயே இருக்கிறதாம். தென்காசித் தெருவில் ரோந்து போகக்கூட நான் துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் கிளம்பியதில்லை, என் மகளுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? கோடு படுத்தால் படுத்துக் கிடக்கட்டும். ஒருநாள் கணக்கு விட்டுப்போனால் அதற்குப் பதில் இன்னொரு நாள் கணக்கு எடுத்துக்கொள்ளலாம், உனக்குப் பதில் நாங்கள் எதை எடுத்துக்கொள்வோம்? கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. பயம்தான்.

இவ்வளவு நாளும் அந்தப் பக்கத்தை ஏறிட்டுப் பார்க்காத உன் அம்மா இப்போது போனை என் கையில் தருவதே இல்லை. வியாழக்கிழமை மறுபடியும் கோடு படுத்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் தாண்டிக் கோடு எழும்பியது. எம்புள்ள வேலைய முடிச்சு உள்ள வந்துட்டா, வாங்க சாப்பிடுவோம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சோறு போட்டாள். நானும் சந்தோஷமாகப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோடு எழும்புவது நீ கம்பத்தடியில் நின்று பனியைத் தட்டுகிற நேரத்தில். அதற்குப் பிறகுதான் நீ அவ்வளவு தூரமும் திரும்பி நடக்க வேண்டும். நீ திரும்பி வந்ததைக் காட்ட அந்தப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. அஃப்ஷான் மறுநாள்தான் போனை எடுத்து, ரெண்டு பேருமாத்தான் போனாவ, நல்லா இருக்காவ என்றாள். அதுவரை பசியில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை, அவளாவது கோட்டைப் பார்த்துச் சாப்பிடட்டும்.

முருகனிடமும் வேண்டுதலை மாற்றிவிட்டேன். காற்று அடிக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும், கிண்ணம் நிற்காமல் சுற்றினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். விஜயசங்கரைக் கேட்டதாகச் சொல், அவன் வந்தால்தான் நீ வாசல் தாண்ட வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டு எதையும் தொடாதே. திருமலைக்குமரன் உன் கூடவே நடப்பான், நீ நல்லா இருப்பாய், குறையில்லாமல் வேலையை முடித்து வீடு வந்து சேர்வாய்.

மறந்துவிடாதே. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும், வந்துட்டேம்ப்பா என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. அம்மாவுக்கு அனுப்பாதே, எனக்கு மட்டும் அனுப்பு. அதற்குப் பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. இசக்கிப்பாண்டி