பேருக்கு என் பேர்

என் அன்புக்குரிய உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது கைப்பிடியைப் பிடிக்காமலே மாடி ஏறுகிறார். ஏறியதும் நாங்கள் பார்த்தோமா என்று திரும்பியும் பார்க்கிறார். எஞ்சின் அறைச் சூட்டில் கைத்தோல் உரிவதாக எழுதியிருந்தீர்கள். களிம்பு வாங்கினீர்களா? வாங்காமலே வாங்கியதாக எழுத வேண்டாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கப்பல் கரை தொட்டு நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் வீடே போனைச் சுற்றி நிற்கிறது. அத்தனை பேர் நடுவில் எனக்கு "சாப்பிட்டாச்சு" என்பதைத் தவிர எதுவும் வாயில் வருவதில்லை. அதனால் மதியம் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும் நேரத்தில், பின் அறையில், தையல் மெஷின் பலகையிலேயே தாளை வைத்து எழுதுகிறேன். ரப்பர் பசை வாசனை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் வருமான வரி. சிரிக்காதீர்கள்.

நம் பை விற்கும் கடைக்கு இதுவரை எளிய முறையில்தான் வரி கட்டி வந்தார் உங்கள் அண்ணன். சின்ன வியாபாரிகளுக்கென்று உள்ள முறை அது. வருடம் முழுக்க வந்த பணத்தில் இன்ன பங்குதான் லாபம் என்று அவர்களே வைத்துக்கொண்டு, அதற்கு மட்டும் வரி வாங்கிக்கொள்வார்கள். செலவுக் கணக்கு எழுத வேண்டாம், பில் காட்ட வேண்டாம். பில்லை நாலாக மடித்து மேசைக்கால் ஆடாமல் அடியில் வைக்கிற மனிதருக்கென்றே செய்த திட்டம். ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. போன வாரம் ஆடிட்டர் வந்து, இதே வேகத்தில் போனால் இந்த வருடம் கடை அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்றார். தாண்டினால் அப்புறம் முழுக்கணக்கு. ஒவ்வொரு துண்டுச் சீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பை விற்பனை கூடவே இல்லையே என்று அண்ணன் திகைத்துப்போனார். ஆடிட்டர் பேனாவால் பின் அறையைச் சுட்டிக் காட்டினார். நான் ஜிப் மாற்றுவது, சூட்கேஸுக்குச் சக்கரம் போடுவது, கைப்பிடிக்கு ரிவெட் அடிப்பது, எல்லாக் கூலியும் கடைக் கல்லாவில்தான் விழுகிறது. அதைத் தனியே எடுத்துவிட்டால் கடை வரம்புக்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும் என்றார். உங்கள் அண்ணன் உரக்கச் சிரித்துவிட்டார். நான் சும்மா பொழுதுபோகாமல் ஊசி பிடிக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தாராம். ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

அந்தப் பெருமை மறுநாள் காலை வரைதான். காப்பி குடிக்கும்போது அண்ணன், வருடம் முடிகிறவரை நான் பின் அறையைப் பூட்டிவிட்டு ஓய்வாக இருக்கலாமே என்றார். அலமாரியில் ரிப்பேருக்கு வந்த பைகள் வாயைப் பிளந்துகொண்டு அடுக்கடுக்காக நிற்கின்றன, யாரிடம் போய்ச் சொல்வது என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"சரி, அப்ப பேருக்கு உன் பேர்ல தனியா ஒண்ணு பதிஞ்சிடலாம். நீ கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் அன்று முழுக்க என் காதில் நூல் சிக்கியது போலக் கிடந்தது. வேடிக்கையான சொல். பேர் எடுத்தான் என்றால் புகழ், பேர் கெட்டது என்றால் மானம். வால் போல ஒரு 'க்கு' வந்து ஒட்டியதும் அத்தனையும் போய், உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. என் பெயர் முதல்முறையாக ஓர் அரசாங்கத் தாளில் தொழில் செய்பவள் என்று ஏறப்போகிறது. அதுவும் பேருக்கு.

நான் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணன் உங்களுக்கு எழுதுவார். நீங்கள் வழக்கம்போல "அண்ணன் சொல்றபடி செய்" என்று பதில் போடுவதற்குள் இது உங்கள் கைக்கு வரட்டும் என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


அன்புக்குரிய உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என்னுடையதை முந்திக்கொண்டு அண்ணனுடையது வந்துவிட்டது போலும். "அண்ணன் மனசு நோகாம பாத்துக்கோ" என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நோகாமல் இருக்க வேண்டிய மனசுகளில் என்னுடையதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

வரி அலுவலகத்துக்கு நானே போய் வந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் சாம்பல் நிறக் கட்டடம். தகவல் சொல்லும் ஜன்னலில் என் அம்மா வயதில் ஒரு பெண்மணி. அவருடைய கைப்பை ஜிப் மூடாமல் ஊக்கு குத்தியிருந்தது. பை வாய் திறந்திருந்தாலும் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலை நடக்க வேண்டுமே.

பின் அறை, கல்லா, அண்ணன் சொன்ன யோசனை, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பேருக்குன்னா வேண்டாம்மா. ஒரே கடைய ரெண்டாக் காட்டுனா, பார்க்கறவங்க திரும்ப ஒண்ணாச் சேத்துடுவாங்க. அப்ப கையெழுத்துப் போட்டவ நீதான் பதில் சொல்லணும், உன் மச்சினர் இல்ல. தனின்னா நெஜமாவே தனியா இருக்கணும்."

தனி என்றால் என்ன என்று கேட்டேன். சொந்தக் கல்லா, சொந்த ரசீது, இடத்துக்கு வாடகை, வந்த பணம் என் கணக்கில், அதை என்ன செய்வது என்ற முடிவும் என்னுடையது என்றார். எளிய முறையில் சேர்ந்தால் நூல், ஜிப், சக்கரம் வாங்கிய செலவைக் கழிக்க முடியாது. நடுவில் விட்டுவிட்டு வந்தால் சில வருடங்களுக்குத் திரும்பச் சேர முடியாது. அதையும் யோசி என்றார். யோசித்தேன். பை விற்பவருக்கு முதல் முழுக்கச் சரக்கில் போய்விடும். எனக்குச் சரக்குச் செலவு கொஞ்சம், மீதியெல்லாம் கைவேலை. இந்த முறை எனக்குக் கட்டுப்படியாகும்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். பதிவு செய்கிறேன், ஆனால் பேருக்கு இல்லை. பக்கத்துச் சந்துப் பக்கம் இருக்கும் ஜன்னலை என் வாசலாக வைத்துக்கொள்கிறேன். மாதாமாதம் வாடகை தருகிறேன். வீட்டுச் செலவில் என் பங்கையும் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

வீட்டுக்குள்ளே வாடகையா என்றார் அண்ணன். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நான் உன் பணத்தத் தின்னேனா?" என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. அவர் தின்னவில்லை. அத்தையின் வைத்தியம், நீங்கள் கப்பலேற வாங்கிய கடன், எல்லாம் அந்தக் கல்லாவிலிருந்துதான் போனது. இல்லை அத்தான், நீங்கள் தின்னவில்லை, ஆனால் ஒரு கண்டு நூல் வேண்டுமென்றாலும் நான் உங்கள் முன்னால் வந்து நின்று கேட்க வேண்டியிருக்கிறது என்றேன். அப்போது அண்ணி, குழம்புக் கரண்டியைக் கையில் வைத்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"நான் இத்தன வருஷமா கல்லாவுல உக்காந்திருக்கேன். எனக்குப் பேருக்குக்கூட பேர் இல்ல."

அதற்குப் பிறகு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை மட்டும் மோர் கேட்டார்.

நாளை காலை பதியப் போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. ஆனால் அனுமதி கேட்காததால் உங்களைக் கணக்கில் வைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அண்ணனுக்கு எழுதினால் என்னைத் திட்டியும் எழுத வேண்டாம், எனக்காக மன்னிப்புக் கேட்டும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


அன்புக்குரிய உங்களுக்கு,

களிம்பு டப்பாவைப் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள். மூடி திறக்காத புது டப்பா. நல்லது, படிப்படியாக முன்னேறுகிறீர்கள்.

பதிவு முடிந்தது. தொழிலின் பெயர் என்ன என்ற இடத்தில் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, கைப்பைப் பெண்மணி, வாடிக்கையாளர்கள் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார். ஆகவே அரசாங்கத்துக்கு நான் இப்போது 'ஜிப் அக்கா'. தாத்தாக்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னதும் அவர் தன் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். அலுவலகத்தில் வைத்து வாங்கமாட்டேன், ஜன்னலுக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சந்துப் பக்க ஜன்னலில் பலகை போட்டாயிற்று. கடைக்கும் பின் அறைக்கும் நடுவில் உள்ள கதவை நானே சாத்தினேன். சாத்தும்போது வருத்தமாகத்தான் இருந்தது. அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வாடகையைக் கொடுத்தால், மேசைமேல் வை என்று கையாலேயே காட்டுவார். வாடிக்கையாளர் யாராவது கடையில் நுழைந்து ரிப்பேர் என்றால் "சந்துல போய்க் கேளுங்க" என்பார். அந்தக் குரல் கதவு வழியாக எனக்குக் கேட்கும். எத்தனை நாள் கதவைத் திறந்துவிடலாமா என்று நினைத்தேன் தெரியுமா? திறக்கவில்லை. திறந்தால் அந்தக் கையெழுத்து பொய்யாகிவிடும்.

நேற்று ஜன்னலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அண்ணன். கதவுக்கு அந்தப் பக்கமே இருக்கும் மனிதர், தெருவில் இறங்கி, முனை திரும்பி, சந்துக்குள் நடந்து வந்திருக்கிறார். கையில் கடையில் விற்ற ஒரு பள்ளிப் பை. தோள்பட்டை வார் பிய்ந்து திரும்பி வந்ததாம். முன்னால் நின்ற ஒருவரின் வேலை முடிகிறவரை காத்திருந்தார். நான் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். கூலி கொடுத்தார். பேசாமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ரசீது?" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். வழக்கப்படி இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். பிறகு என்ன தோன்றியதோ, பிரித்து, நீவி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இன்று கல்லாவில் அண்ணியின் நாற்காலிக்குப் புதிய மெத்தை வந்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அண்ணி கேட்பார்.

ஒப்பந்தத்தை இன்னொரு முறை நீட்டவா என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுச் செலவுக்கு வேண்டுமே என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். வாடகை போக, வீட்டுக்குக் கொடுத்தது போக, வரிக்கென்று ஒதுக்கியது போக, என் பெட்டியில் என்ன நிற்கிறது என்று இந்த மாதத்திலிருந்து எனக்குத் தெரியும். அதனால் அந்தக் காரணத்தை மட்டும் இனி எழுதாதீர்கள். வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள். படித்துக்கொள்கிறேன்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வரும்போது உங்கள் பெரிய பெட்டியைக் கொண்டு வாருங்கள். போன முறை நீங்கள் புறப்பட்டபோது அதன் ஒரு சக்கரம் உருளாமல் தெரு முழுக்க இழுபட்டுக்கொண்டே போனதை வாசலில் நின்று பார்த்தேன். சரிசெய்து தருகிறேன், ரசீதும் உண்டு. ஆனால் என் அலமாரியில் வரிசை அதிகம். உங்கள் பெட்டியின் முறை வர நாள் பிடிக்கும். பேருக்கு நாலு நாள் வந்து நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி