சாக்கு என்றால் போதும்

இன்று காலை எழுந்ததும் முதலில் அவரைக்கொட்டை பிதுக்கினேன். பல்கூடத் தேய்க்கவில்லை. ஊறிய கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிப் பாத்திரத்தில் விழும், தோல் விரலிலேயே நிற்கும். அந்தப் பச்சை வாசனை சோப்புக்குப் போகாது. பனிக்காலம் முழுக்க உன் கையில் அது இருந்தது. கம்பெனி பஸ்ஸில் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே எனக்குப் பசிக்கும்.

மதியம் உன் குழம்பு எனக்கு, என் ரசம் உனக்கு. நான் ஊற்ற ஊற்ற "சாக்கு, சாக்கு" என்று கையை மறிப்பாய். உன் வீட்டில் கன்னடம். சாக்கு என்றால் போதும். ஜவளகிரிப் பக்கம் பிறந்து தமிழ்ப் பள்ளியில் படித்தவள். என்னைவிட நல்ல தமிழ் எழுதுவாய். ஆனால் வயிறு நிறைந்தாலும் கோபம் வந்தாலும் உனக்குக் கன்னடம்தான் வரும். சூப்பர்வைசர் ஒரே பாட்டை மூன்றாம் முறை பாடும்போது குனிந்துகொண்டு "சாக்கு" என்று முனகுவாய்.

"என்ன மேடம், சாக்கு சொல்றீங்களா?" என்பார் அவர்.

அவர் போனதும் என் பக்கம் திரும்புவாய். "உங்க பாஷையில பொய்க்காரணம், எங்க பாஷையில போதும். ரெண்டுமே இந்தாளுக்குப் பொருந்துது பாரு."

நம் இருவருக்கும் வேலை ஆய்வுப் பிரிவில். வெளியிலிருந்து வரும் பாகங்களை அளந்து பிரிக்க வேண்டும். சரியானதற்குப் பச்சை அட்டை, கழிப்பதற்குச் சிவப்பு. சந்தேகமென்றால் மஞ்சள். மஞ்சள் கட்டியதை இன்னொருவர் அளந்து பார்க்கும்வரை யாரும் தூக்கி எறியக் கூடாது.

உலக அரசியல் நம்மிடம் வந்தது அந்த மேசை வழியாகத்தான். ஒரு வாரம் பெட்டியே வரவில்லை. கேட்டால் கப்பல் தாமதம் என்றார்கள். நீ அதோடு விடவில்லை. எந்தக் கடலில் யார் யாரைச் சுடுகிறார்கள், கப்பல் ஏன் சுற்றிப் போகிறது என்று மூன்று நாள் போனில் படித்தாய். "எங்கியோ ஒருத்தன் ராக்கெட் உட்றான், மத்திகிரியில எனக்கு ஓவர்டைம் கட்டாவுது. இதப் பத்திப் பேச நாலு பேரு வேணுமா வேணாமாடி?"

நாலு பேரைத் தேடினோம். உன் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீ போரைப் பற்றிக் கேட்டதும், "அத்தை, மொதல்ல அந்த மட்டன் ரெசிபிய போடுங்க" என்று பதில் வந்தது. என் கல்லூரித் தோழிகளின் குழுவில் இரண்டாம் நாளே கட்சிச் சண்டை. முகநூலில் ஒரு பெரிய குழுவில் அகதிகளைப் பற்றிப் பத்துப் பத்தி எழுதினாய். கிடைத்த ஒரே பதில் தனிச்செய்தியில் வந்தது: "ஹாய், சாப்டீங்களா?" "இல்ல, உன்னத்தான் சாப்பிடலாம்னு இருக்கேன்னு போடவா?" என்று என்னிடம் கேட்டாய். ஆங்கிலக் குழு ஒன்றில் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாம் அகராதி பார்த்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த நாட்டுக்குப் போயிருந்தார்கள்.

கடைசியில் அந்தச் சின்னத் தமிழ்க் குழு கிடைத்தது. சொந்தப் பெயர் வேண்டாம். இரண்டே விதி. சொல்லும் செய்திக்கு மூலம் காட்ட வேண்டும். மறுப்பதற்கு முன், எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகே மறுக்க வேண்டும். நீ எல்லைக்கல் என்று பெயர் வைத்துக்கொண்டாய். நாம் ஒரே மேசைக்காரிகள் என்பதைச் சொல்ல வேண்டாம் என்றதும் நீதான். "ஒருத்திய ஒருத்தி தாங்கினா அது கூட்டணி ஆயிடும். அங்க உன்ன எனக்குத் தெரியாது."

அதை நன்றாகவே கடைப்பிடித்தாய். என்னை நெறியாளர் மூவரில் ஒருத்தியாகச் சேர்த்தார்கள், யாரோடும் சண்டை போடாதவள் என்பதற்காக. "உன் பதிவு லீவு லெட்டர் மாதிரியே இருக்குது. பணிவா ஆரம்பிக்குது, பணிவா முடியுது, நடுவுல ஆளையே காணோம்" என்று பஸ்ஸில் சொன்னாய். அதைப் பொறுத்துக்கொண்டேன். பிறகு நான் ஒரு மாதம் உழைத்து எழுதிய நீண்ட பதிவின் கீழே, எல்லோரும் பார்க்க, "இதில் இரண்டு பத்தியை வேறிடத்தில் படித்திருக்கிறேன். மூலம் எங்கே?" என்று கேட்டாய். அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் பொறுக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து எனக்கு வார விடுமுறை, உனக்கு வேலை. குழுவில் ஒருவர் போரில் இரண்டு பக்கமும் செத்தவர்கள் எத்தனை பேர் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி தினமும் போட்டுக்கொண்டிருந்தார். உனக்கு ஆத்திரம். போனைக் கம்பெனி கேட்டில் ஒப்படைக்கும் அவசரத்தில் உன் சாக்கை ஆங்கில எழுத்தில் தட்டினாய். போன் அதைத் தமிழாக்கியது. "சாகு. இதற்குமேல் எண்ண என்ன இருக்கிறது?" படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

ஸ்கோர் போட்டவருடைய தம்பி போர் நடக்கும் நாட்டில்தான் வேலை செய்கிறாராம். "என்னைச் சாகச் சொல்கிறாயா?" என்று அவர் எழுதினார். அரை மணியில் குழுவே கொதித்தது. எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற விதி அன்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

எனக்கு வந்தது. அந்தக் குழுவில் உன் சாக்கைக் காதால் கேட்டவள் நான் ஒருத்திதான். மற்ற இரண்டு நெறியாளர்களும் "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று என்னைத்தான் கேட்டார்கள். அது கன்னடம், போதும் என்று அர்த்தம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். சாயங்காலம்வரை பொறுங்கள், அவரே வந்து சொல்லட்டும் என்றாவது எழுதியிருக்கலாம். இத்தனூண்டு இரும்பு வளையத்துக்கெல்லாம் மஞ்சள் அட்டை கட்டுகிறவள், "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்று எழுதி, என் விரலாலேயே உன்னை நீக்கினேன். அந்த நிமிடம் வருத்தமாக இருந்தது என்று உனக்கு எழுத ஆசை. இல்லை. சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் நீ கத்தவில்லை. "அதுக்கு அர்த்தம் உனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். சொல்லியிருந்தா நாம ஒரே கம்பெனின்னு தெரிஞ்சிருக்கும். கூட்டணி வேணாம்னு நீதானே சொன்ன?"

"நான் சொன்னது எங்க சாக்கு. நீ சொல்றது உங்க சாக்கு." அன்று முதல் பக்கத்து இருக்கை தொடர்ந்தது, குழம்பு நின்றுபோனது.

இரண்டு வாரத்தில் புதுப் பெயரில் ஒரு விண்ணப்பம் வந்தது. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, "பேச வேறு இடம் இல்லை" என்று இருந்தது. யார் என்று எனக்கு உடனே தெரிந்தது. நிராகரித்தேன். மறுநாள் காலை உன் முகத்தைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய்.

அடுத்த இரண்டு மாதத்தில், வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உன் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. பெங்களூருக்குக் கொண்டுபோய் மூன்றாம் நாள் உடலைத்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உன்னை எடுத்துப் போன பிறகு உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "அவ போன்ல ஏதோ குரூப்புல எழுதிட்டே இருப்பாளேம்மா. அவங்களுக்கெல்லாம் சொல்லணுமா?"

"வேணாங்கண்ணா. அது சும்மா டைம்பாஸ்" என்றேன்.

அவர் தலையாட்டினார். நீ வருடக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்த இடம் உன் வீட்டில் அப்படித்தான் முடிந்தது.

குழு இன்னும் நடக்கிறது. முகப்பில் மூன்றாவதாக ஒரு விதி இருக்கிறது: பிறரைச் சாகச் சொல்பவர் நீக்கப்படுவார். உதாரணத்துக்கு உன் வரியின் படம். அதை ஒட்டியது நான். நேற்று புதிதாக வந்த பெண் ஒருத்தி, "இந்த எல்லைக்கல் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டிருந்தாள். இன்னொரு நெறியாளர், "எங்கேயோ தொலைந்தார், குழு உருப்பட்டது" என்று எழுதினார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். நான் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவரைக்கொட்டையை ஊறப்போட்டது அதற்குப் பிறகுதான்.

குழம்பு இப்போது கொதிக்கிறது. உன்னுடையது மாதிரி வராது. இன்று வாரவிடுமுறை, கையில் போன் இருக்கிறது. அந்த விதியை எடுத்துவிட்டு அதே இடத்தில் என் சொந்தப் பெயரில் எழுதப் போகிறேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், அது எனக்கு அன்றே தெரியும், நீ திரும்பி வந்தபோது கதவைச் சாத்தியது யார், நீ இப்போது எங்கே. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, மற்ற இரண்டு நெறியாளர்களுக்கும் சொல்லவில்லை. அவர்கள் என்னை நீக்குவார்கள். அதன் பிறகு பேச எனக்கும் வேறு இடம் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லைப் போடப் போவதில்லை, லீவு லெட்டர் ஆகிவிடும்.

கீழே கடைசி வரியை மட்டும் இப்போதே தட்டி வைத்திருக்கிறேன். தமிழ் எழுத்திலேயே தட்டினேன், இரண்டு முறை படித்தும் பார்த்தேன்.

மூலம்: நான்.