இரட்டைப் பின்னல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

இந்த வீட்டு அம்மாவின் மகளும் நம் பாப்பாவைப் போல இந்த மாதம்தான் பள்ளியில் சேர்ந்தாள். நேற்று அந்த அம்மா சோபாவில் சாய்ந்தபடி, "பிள்ளை ஸ்கூலுக்குப் போனதும் பொழுதே போக மாட்டேங்குது. உங்க ஊர்ல அம்மாங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். நான் அவர் மகளின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. சட்டைக் காலரும் கருகியது. அந்த அம்மா திட்டவில்லை, கவலைப்படாதீர்கள்.

எதிர்வீட்டு அக்காதான் பாப்பாவுக்குத் தினமும் இரட்டைப் பின்னல் போட்டுவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இனி வேண்டாம். கோணலாக இருந்தாலும் நீங்களே பின்னிவிடுங்கள்.

பள்ளி விடும் நேரம், இந்தப் பிள்ளையைக் கூட்டிவர ஓட வேண்டும். இவளுக்குத் தலை பின்னுவது நான்தான். இப்போதெல்லாம் அவள் அம்மா கூப்பிட்டாலும் என் மடியை விட்டு எழுவதில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா