போல்ட்டு மாட்டாத கியர்

வரதய்யபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு ரூபாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் இவ்வளவோடு விடுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று கங்கம்மாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் கத்துகிறேன், நான் கத்தினால் நீ வைத்துவிடுகிறாய், பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. லீவில் வந்த ரமணா வெள்ளிக்கிழமை நீ இருக்கிற குவைத்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேலையை விட்டுவிட்டு வந்து ஹரிபாபுவைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னாயே, அந்த டிக்கெட்டைப் போடுவதற்கு முன்னால் இதைக் கடைசி வரைக்கும் படித்துவிடு. உன் நைனாவுக்கு முன்பல் இரண்டு போய்விட்டது, கஞ்சியும் குழைந்த சோறும்தான் இறங்குகிறது. என் நெற்றியில் தையல் பிரித்துவிட்டார்கள், தழும்பு நிற்கும் போலிருக்கிறது, நின்றுவிட்டுப் போகட்டும்.

உன் புருஷன் ஹரிபாபு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்து உனக்குப் போன் போட்டு என்னென்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாதா. அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன். நீ அங்கே யார் யார் வீட்டுப் பாத்திரமோ கழுவி வாங்கின பழைய வேனை, கம்பெனிக்குப் போகிற பெண்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கட்டும் என்று அவனிடம் கொடுத்தாய். உன்னை அடிக்க நீ பக்கத்தில் இல்லாத கோபத்தை எல்லாம் அவன் அந்தக் கியர் மேல் காட்டினான். ஒவ்வொரு தடவையும் அறைந்துதான் மாற்றுவான். கடைசியில் லீவர் வெறும் டப்பாவில் கரண்டியைப் போட்டு ஆட்டுகிற மாதிரி கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, வேன் ஏரிக்கரை ஏறும்போதே நம் வீட்டுக்குக் கேட்கும். மூன்றாவது என்று போட்டால் ஒன்றில் போய் விழும், எதில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற பெண்கள் பயந்து நடந்தே போக ஆரம்பித்தார்கள். சரிபண்ணச் சொன்னால் சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே திணித்துக் கம்பியால் கட்டினான். அதுவும் அறுந்ததும் நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, உன் பெண் வாங்கின லட்சணத்தை நீயே வைத்துக்கொள் என்று சாவியை உன் நைனாவின் முகத்தில் வீசிவிட்டுப் போனான்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. உன் உழைப்பு துருப்பிடித்து நிற்பதை தினமும் பார்க்க முடியுமா. பஸ் ஏறி ரேணிகுண்டா போய், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற கங்கையாவிடம் விவரம் சொன்னேன். லீவரின் அடிப்பக்கம் ஒரு நீளக் கம்பியோடு சேருகிற இடத்தில் புஷ் என்று ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்குமாம், அது தேய்ந்து பொடியாகிவிட்டதால்தான் இந்த ஆட்டமாம். புது புஷ்ஷும் ஒரு போல்ட்டும் நட்டும் கொடுத்து, எப்படி மாட்ட வேண்டும் என்று மேஜை மேலேயே வைத்துக் காட்டினார். இன்னொன்றும் சொன்னார். புஷ் போட்டதுமே ஆட்டம் நின்றுவிடும், அதைப் பார்த்து முடிந்தது என்று நினைத்துவிடாதே, போல்ட்டு மாட்டாமல் ஓட்டினால் நாலு தடவை கியர் மாற்றுவதற்குள் லீவர் கையோடு வந்துவிடும் என்றார். நான் அதைத் திரும்ப ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறினேன். இதை எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு உன் நைனா வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டார், நான் சீட்டில் உட்கார்ந்து லீவரை நேராகப் பிடித்துக்கொண்டேன். புஷ் உள்ளே போய் உட்கார்ந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், உனக்கு வீடியோ போட்டுக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன். போல்ட்டைக் கொடு என்று அவர் அடியில் இருந்து கையை நீட்டினார், நான் இறங்கிக் குனிகிறேன், அதற்குள் ஹரிபாபு வந்து நின்றான். குடிக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன், குடியின் மேல் பழியைப் போட்டு நீ அவனை மன்னிக்க வேண்டாம். நாங்கள் வண்டியைச் சரிபண்ணி வேறு ஆளை வைத்து ஓட்டப் போகிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "யாரக் கேட்டு என் வண்டிய கழட்டிக்கினு கீற" என்று கேட்டுக்கொண்டே உன் நைனாவின் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தான். சட்டை கழுத்துக்கு ஏறி முதுகெல்லாம் கல்லில் தேய்ந்தது. எழுந்து உட்காரக்கூட விடாமல் வாயிலேயே உதைத்தான். செருப்பு இல்லை, ஷூ போட்டிருந்தான். நான் கையில் கிடைத்த ஸ்பேனரை எடுத்து அவன் தோளில் போட்டேன், தலையைப் பார்த்துத்தான் ஓங்கினேன், தோளில் விழுந்தது. என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கண்ணில் ரத்தம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை.

அவன் வேனில் ஏறி உட்கார்ந்து, அதிலேயே இருந்த சாவியைத் திருகி, லீவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கெட்டியாக நின்றது. "ஆட்டமே இல்லியே மாமா, நல்லாத்தான் பண்ணிக்கீற" என்று சிரித்தான். போல்ட்டும் நட்டும் என் உள்ளங்கையில் இருந்தது ரூபா. உன் நைனா அந்த வாயோடு, பல் போன அந்த வாயோடு, போல்ட்டு போல்ட்டு என்று சொல்லப் பார்த்தார். தன்னை உதைத்தவனைக் காப்பாற்றக் கையைத் தூக்கினார், அவர் குணம் அது. நான் மண்டி போட்டு, முந்தானையைச் சுருட்டி அவர் வாயில் அழுத்தினேன். பார்த்தவர்கள் ரத்தம் துடைக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நான் துடைக்கவில்லை, பொத்தினேன். வேன் தெருமுனை திரும்பும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. அவன் உதைத்ததில் நீ விலா எலும்பு முறிந்து மூச்சு விட முடியாமல் என் மடியில் கிடந்தாயே, அதுதான் அப்போது என் கண்ணில் நின்றது, வேறு ஒன்றும் இல்லை.

சத்யவேடு ரோட்டில் ஏரிக்கரை வளைவில், எதிரே நம் ஊர் நாராயணசாமி கரும்பு ஏற்றிய டிராக்டரோடு வந்திருக்கிறான். இவன் வேகத்தைக் குறைக்கக் கியரை இழுத்தான், லீவர் சும்மா சுற்றியது, ரோட்டைப் பார்க்காமல் குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்து ஆட்டியிருக்கிறான், நேராகக் கல்வெர்ட்டுப் பாலத்துச் சுவரில் போய் முட்டினான். அந்த வேனுக்கு முன்னால் என்ன இருக்கிறது, ஒரு தகரம், அதற்குப் பின்னால் ஓட்டுகிறவன் கால். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாராயணசாமி வண்டியை ஒடித்து வயலில் இறக்கித் தப்பித்தான். இந்த ஒன்றுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அவன் வழியில் கம்பெனிப் பெண்களை ஏற்றியிருந்தால்? நாராயணசாமி செத்திருந்தால்? வாயைப் பொத்தும்போது அது எதுவும் எனக்குத் தோன்றவில்லை, அந்தப் பாவம் என் மேல் இருக்கிறது, அதை நான் நாராயணசாமி வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். ஹரிபாபுவுக்காக மட்டும் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் இல்லை. உயிர் போகவில்லை என்று கேட்டபோது அப்பாடா என்றும் இருந்தது, சே என்றும் இருந்தது.

எஸ்.ஐ. வந்து கேட்டபோது உன் நைனா, அவளுக்கு மிஷின் வேலை ஒன்றும் தெரியாது என்று எனக்காகப் பொய் சொன்னார். நான் போல்ட்டை எடுத்து எஸ்.ஐ. முன்னால் வைத்தேன், தெரியும், சொல்லவில்லை என்றேன். "முந்தே செப்பாலி கதம்மா" என்றார், முன்னாடியே சொல்லியிருக்கணும் என்று. என் நெற்றியையும் உன் நைனாவின் வாயையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். கூப்பிட்டால் போவேன். உன் நைனா அன்றில் இருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சோறு போட்டால் தின்கிறார், அவ்வளவுதான்.

இனி நீ கேட்க வேண்டியது. போன புதன்கிழமை திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை, நீ பார்க்க வருவதாகச் சொன்னவன் எப்படி இருக்கிறான் என்று உனக்காகப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அழுதான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா அத்தே, நான் எறங்கியிருப்பனே" என்றான். "எம் பொண்ணு ஒவ்வொரு ஒதைக்கும் வேணாம் வேணாம்னு சொன்னா. அது வார்த்த இல்லியா" என்றேன். உன்னிடம் போனில் சத்தியம் செய்ததையே எனக்கும் செய்தான், திருந்திவிட்டேன், ரூபா வந்தால் தெய்வமாக வைத்துக்கொள்வேன் என்றான். அந்த முகத்தைப் பார்த்து, நம்பு, எனக்கே கொஞ்சம் மனசு இளகியது. அப்போது அவன் அம்மா பச்சையம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். பாவம், தினமும் பஸ்ஸில் வந்து போகிற கிழம். ஒரு வாய் குடித்தான், சுட்டுவிட்டது. டம்ளரை அப்படியே அவள் முகத்தில் எறிந்தான், அவள் துடைத்துக்கொள்ளக் குனிந்தபோது எட்டிக் கொண்டையைப் பிடித்து முதுகில் குத்தினான், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் வந்து விரலைப் பிரித்தார்கள். அந்தப் பெண்பிள்ளை கஞ்சி வழிகிற முகத்தோடு என்னைப் பார்த்து, வலியில அடிக்கிறான், வேற ஒண்ணும் இல்ல என்றாள். நீ எத்தனை தடவை என்னிடம் அதையே சொல்லியிருப்பாய்.

சொந்தக்காரர்கள் நிறையப் பேர் உனக்குப் போன் செய்வார்கள், நொண்டியை விட்டவள் என்று பேர் வரும் என்பார்கள். வரட்டும், என் பேரோடு சேர்ந்து இருக்கட்டும். என் மேல் உனக்குக் கோபம் என்றால் என்னோடு பேசாமல் இரு, அதையும் தாங்கிக்கொள்வேன். உன் சம்பாத்தியத்தில் உனக்கென்று துணிமணி வாங்கிக்கொள், கிழிந்ததைத் தைத்துத் தைத்துப் போடாதே. கங்கம்மா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், என் ஆயுசும் சேர்த்து உனக்கு. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். கால் போய்விட்டதே என்று உருகி டிக்கெட் போடாதே ரூபா. அவன் கை இரண்டும் நன்றாக இருக்கின்றன.

உன்னைப் பெற்றவள்,
மு. பொன்னியம்மா