லெஃப்சா யாருடைய நாய்?

மின்னடோங்கா, மினசோட்டா
மார்ச் 9

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதம் அலாஸ்காவில் டச்சு ஹார்பர் தபால் நிலையத்தில் உன் கப்பலுக்காகக் காத்துக் கிடந்து, நன்றாக மீன் வாடை ஏறியபிறகுதான் உன் கைக்கு வரும் என்று தெரியும். வந்ததும் உட்கார்ந்து நிதானமாகப் படி. இங்கே எல்லோரும் நலம். லெஃப்சாவும் நலம். அதைத்தான் முதலில் தேடுவாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். பின்னங்காலில் ஆபரேஷன் செய்த தையலைப் பிரித்தாயிற்று. காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு வீடு முழுக்க நடந்து, ஒரு கதவு விடாமல் இடித்துப் பெயின்டை உரித்து வைத்திருக்கிறது. அப்பா அதைத் திட்டுகிறார். திட்டி முடித்ததும் தன் தட்டிலிருந்து இறைச்சி உருண்டையை எடுத்து அதற்குப் போடுகிறார்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும், பிரிட்டா. போனில் ஆரம்பித்தால் "சரி சரி, விடும்மா" என்று பேச்சை வெட்டிவிடுவாய், அதற்குள் லைனும் போய்விடும். கடிதத்தை உன்னால் வெட்ட முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஜனவரியில் நீ துறைமுகத்திலிருந்து கூப்பிட்டபோது நான் இருந்த நிலை உனக்குப் பாதிதான் தெரியும். எங்கள் கம்பெனியின் நிதித் தலைவர் கார்ஸ்டன், கணக்குப் பொறுப்பில் இருக்கும் என்னிடம் அந்த வருடத்துக் கணக்கு அறிக்கையில் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போட மனம் வரவில்லை. போடாவிட்டால் வேலை போகும். வேலை போனால் அதோடு மருத்துவக் காப்பீடும் போகும். மாற்றுச் சிறுநீரகம் வைத்த நாளிலிருந்து அப்பா விழுங்கும் மாத்திரைகளின் விலை உனக்கே தெரியும், காப்பீடு இல்லாமல் நம்மால் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. 

என்ன விஷயம் என்பதை இப்போது முழுசாகச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் அம்மாவின் வேலையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? "என் அம்மா வீடுகளைப் பெட்டியில் போட்டு மூடி, பெட்டியைத் துண்டு துண்டாக விற்பாள்" என்று எழுதி வைத்தாய். உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கவலையோடு விசாரித்தார். ஆனால் நீ எழுதியது அப்படியொன்றும் தப்பில்லை. எங்கள் கம்பெனி ஜனங்களின் வீட்டுக் கடன்களை மொத்தமாக வாங்கி, டிரஸ்ட் என்ற பெட்டிக்குள் வைக்கிறது. அந்தப் பெட்டியின் பேரில் பத்திரங்களை வெளியிடுகிறோம், அடுக்கு அடுக்காக. வீட்டுக்காரர்கள் தவணை கட்டக் கட்ட, மேல் தட்டுப் பத்திரம் வைத்திருப்பவருக்கு முதலில் பணம், பிறகு அதற்கு அடுத்த தட்டுக்கு. எல்லோருக்கும் கொடுத்து மிச்சம் இருந்தால்தான் கடைசித் தட்டுக்கு. யாராவது கட்டாமல் போய் நஷ்டம் வந்தால் மட்டும் முதல் அடி கடைசித் தட்டுக்கு.

மேல் தட்டுகளை ஓய்வூதிய நிதிகள் வாங்கிக்கொள்ளும். கடைசித் தட்டை நாங்களே வைத்துக்கொள்வோம். தவணை தவறியவருக்கு அவகாசம் கொடுப்பதா, வட்டியைக் குறைப்பதா, வீட்டை எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் உரிமையும் எங்களிடமே இருக்கும். முடிவும் எங்களுடையது, அடியும் எங்களுக்கு. அதனால் பெட்டி யார் பேரில் இருந்தாலும், அதற்குள் இருக்கும் கடன்களையும் அது வெளியிட்ட பத்திரங்களையும் எங்கள் கணக்கில் சேர்த்துக் காட்டித்தான் ஆக வேண்டும். இதுதான் விதி.

போன இலையுதிர்காலத்தில் கார்ஸ்டன் அந்தக் கடைசித் தட்டில் பாதியைச் சிகாகோவில் இருக்கும் ஒரு முதலீட்டு ஃபண்டுக்கு விற்றார். விற்ற கையோடு, "இனி அது நம்ம பெட்டி இல்ல, கணக்குலேர்ந்து எடுத்துடுங்க" என்றார். எடுத்தால் கம்பெனியின் கடன் சுமை சட்டென்று இறங்கின மாதிரி தெரியும். ஒரு லாபமும் வந்து விழும், அந்த லாபத்தில் எல்லோருக்கும் போனஸ். எனக்கும்தான், பொய் சொல்வானேன், கராஜ் கூரையை அதில்தான் மாற்றுவதாக இருந்தேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நின்றபாடில்லை. காபியும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, தவணை தவறியவர்களை என்ன செய்வது என்று நாங்கள் பேசும் கூட்டம் அது. பாதியை விற்ற அடுத்த வாரமே ஃபார்கோவில் பள்ளி பஸ் ஓட்டும் ஒரு பெண்ணின் பேர் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்து வேலைக்குப் போக முடியாமல் தவணை நின்றிருந்தது. ஆறு மாதம் அவகாசம் கொடுத்தோம். சிகாகோக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்குத் தகவல் சொன்னால் போதும் என்றுதான் ஒப்பந்தமும் சொல்கிறது. அப்படியானால் என்ன மாறியது? கார்ஸ்டனிடம் போய்க் கேட்டேன். "பாதியை வித்தாச்சு, சோல்வெய்க். இன்னும் எப்படி அது நம்முதாகும்? எதையாவது சுலபமா விடத் தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, பிரிட்டா. மனசார நம்பித்தான் சொன்னார். நான் ஒரு விதியைச் சொன்னால் அவர் ஒரு விதியைச் சொன்னார். நாள் போகப் போக, நான்தான் வீம்பு பிடிக்கிறேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். அப்பா எப்படி இருக்கிறார், அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயா? எடுத்த எடுப்பில் லெஃப்சா. "காலுக்கு ஆபரேஷன் பண்ணிடும்மா, பணம் நான் அனுப்பறேன். வயசான நாய்க்கு எதுக்குன்னு அப்பா சொல்வார், காதுல போட்டுக்காத" என்றாய். எனக்கு எரிச்சலான எரிச்சல். "என்னடி அங்கேர்ந்து அதிகாரம் பண்றே? நாய் எங்க வீட்ல இருக்கு. எங்க சோபாலதான் படுத்து முடி கொட்டுது. பாதித் தீனி உங்கப்பா காசு" என்றேன். நீ சிரிக்கக்கூட இல்லை. "இருக்கட்டுமே. அதுக்கு என்ன செய்யணும்னு முடிவு பண்றது நான். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல அடி வாங்கறதும் நான். அப்ப அது யார் நாயாம்?" என்றாய்.

 "அம்மா, லைன்ல இருக்கியா?" என்று நீ அங்கிருந்து கத்திக்கொண்டிருந்தாய். இத்தனை வாரம் வாய்க்கு வராமல் என்னைப் படுத்திய வார்த்தை அது. மீன் கணக்கெடுக்கப் போனவள், அலாஸ்காவிலிருந்து ஒரு மூச்சில் சொல்லிவிட்டாயே!

பிறகுதான் எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டினேன். கேட்டுவிட்டு நீ யோசிக்கக்கூட இல்லை. "கையெழுத்துப் போடாதேம்மா. வேலை போனா போகட்டும். அப்பா மாத்திரைக்கு நான் இருக்கேன். அடுத்த சீசனும் கப்பல்லயே இருந்துடறேன், அவ்வளவுதானே?" என்றாய். பெற்ற வயிறு குளிர்ந்தது. அந்தக் கடலில் இன்னொரு சீசன் என்று நினைத்ததும், அது வேண்டவே வேண்டாம் என்றும் தோன்றியது. நன்றி என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

நான் கையெழுத்துப் போடவில்லை. கார்ஸ்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். போனஸ் போகப்போகிறது என்ற செய்தி அலுவலகம் முழுக்கப் பரவியது. சாப்பாட்டு அறையில் நான் போய் உட்கார்ந்தால், "இன்னிக்குக் குளிர் கொஞ்சம் தேவலை, இல்ல?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். நம் ஊர் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. அதற்கு நாலு வார்த்தை நேராகத் திட்டியிருக்கலாம்.

கடைசியில் இயக்குநர்களின் கணக்குக் குழு எங்கள் இருவரையும் கூப்பிட்டது. தலைமையில் திருமதி ஓடெகார்ட், செயின்ட் கிளவுடில் பேங்க் நடத்தி ஓய்வு பெற்றவர், லேசில் சிரிக்காத மனுஷி. கார்ஸ்டன் படம் போட்டு அழகாக விளக்கினார். என் முறை வந்தது. கொண்டுபோன காகிதங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என் பொண்ணுக்கு ஒரு நாய் இருக்கு" என்று ஆரம்பித்தேன். கார்ஸ்டன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். ஓர் இயக்குநர், "ஆஸ்பத்திரி செலவுல பாதியை உங்க வீட்டுக்காரர் கொடுத்திருந்தா?" என்று மடக்கினார். "கொடுத்திருந்தாலும், காலை எடுக்கறதா வைக்கறதான்னு டாக்டர் என் பொண்ணைத்தான் கேட்டிருப்பார்" என்றேன். அறையில் சிரிப்பு. திருமதி ஓடெகார்ட் மட்டும் சிரிக்காமல் கார்ஸ்டன் பக்கம் திரும்பினார். "செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குச் சிகாகோலேர்ந்து யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். கார்ஸ்டன் இல்லை என்றார். "போன்லயாவது?" அதுவும் இல்லை. "அப்ப நாய் நம்முதுதான்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

வெளி ஆடிட்டர்களும் அதையேதான் சொன்னார்கள். பெட்டி மறுபடி எங்கள் கணக்குக்குள் வந்தது. அதன் கடனை அதற்குள் இருக்கும் சொத்திலிருந்துதான் அடைக்க வேண்டும், கம்பெனியின் மற்ற சொத்தைத் தொட முடியாது என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்தோம். கடன் அதிகமாகத் தெரிந்தால் எங்களுக்குக் கடன் தரும் பேங்குகள் பயந்து ஓடும் என்று கார்ஸ்டன் கலங்கியிருந்தார். அவர்களோ அசையவே இல்லை, "எங்களுக்கு அது முன்னாடியே தெரியுமே" என்றார்கள். லாபம் போயிற்று, போனஸும் போயிற்று. கராஜ் மேல் நீலத் தார்ப்பாய் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

ஆனால் என் வேலை என்னவாகும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. போன சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. திறந்தால் கார்ஸ்டன், பூட்ஸில் பனியோடு, கையில் துணி சுற்றிய பாத்திரம் நிறைய, அடுப்பில் சுட்டெடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ். "ஆர்னேக்கு உடம்பு எப்படின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று அப்பாவைச் சாக்கு வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை இந்த ஊரில் யார் வாயிலிருந்து வந்திருக்கிறது? அப்பாவோடு ஏரியைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர், லெஃப்சா கூம்பால் சுவரை இடித்துக்கொண்டு வந்ததும் பேச்சை நிறுத்தினார். "இதானா அது?" என்றார். "இதேதான்" என்றேன். குனிந்து அதன் காதைச் சொறிந்துகொடுத்து, "எத்தனை பேர் போனஸைத் தின்னுட்டே, தெரியுமா உனக்கு?" என்றார். கிளம்பும்போது, என்னைப் பார்க்காமல் கையுறையை மாட்டிக்கொண்டே, "முதல் காலாண்டுக் கணக்கை நீங்கதான் பாக்கணும். திங்கக்கிழமை சீக்கிரம் வந்துடுங்க" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு, பூட்ஸ்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அப்பா பயந்தே போய்விட்டார். கார்ஸ்டனின் பாத்திரம் கழுவிக் காய்ந்து மேஜை மேல் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாதே, எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகள் செய்து நிரப்பிக் கொண்டுபோகப் போகிறேன். என் பதிலும் அதில் இருக்கும்.

ஆகவே வேலை இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, மாத்திரை வேளை தவறாமல் வருகிறது. எல்லாம் உன்னால்தான். இதை நூறு தடவை சொன்னாலும் எனக்குப் போதாது.

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றுகொள்கிறார், கேட்டால் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்ப்பதாகச் சொல்கிறார். வருடா வருடம் உறைந்த ஏரியின் பனி என்றைக்கு உடையும் என்று எல்லோருக்கும் முன்னால் தேதி சொல்லிப் பந்தயம் கட்டுகிறவர், இந்த வருடம் சொல்லவில்லை. "பிரிட்டா வந்து சொல்லட்டும்" என்கிறார்.

உன் நாட்களில் முதல் பங்கு கடலுக்கு, அடுத்தது உன் மீன்களுக்கு, அப்புறம் உன் கப்பல் சிநேகிதர்களுக்கு. அது எனக்குத் தெரியும். நானும் அப்பாவும் கடைசித் தட்டு, எல்லோருக்கும் கொடுத்து மிச்சம் இருந்தால் எங்களுக்கு. இத்தனை வருடம் அதைப் பற்றி நான் குறை சொன்னதே இல்லை. ஏப்ரலில் அடுத்த சீசனுக்கான ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள் என்று சொன்னாயே, இனி அதற்கு அவசியம் இல்லை. நீ எனக்குச் சொன்னதைத்தான் இப்போது நான் உனக்குச் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே, கண்ணே. பனி உடைவதற்குள் வீட்டுக்கு வா.

கடவுள் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் அன்பு அம்மா,
சோல்வெய்க்