காற்றுப் புகாத டப்பாக்கள்

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். என் முழங்கால் புராணத்தை இந்த முறை பாடப்போவதில்லை, அதைவிடப் பெரிய தலைவலி வந்து உட்கார்ந்திருக்கிறது.

உங்கப்பா சினிமாவில் ஸ்டில் போட்டோ எடுத்த காலத்துச் சொந்த நெகடிவும், கம்பெனிகள் மூடும்போது குப்பையில் கொட்டியதை அள்ளி வந்ததுமாக மாடி அறையில் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கிறாரே, அதையெல்லாம் சினிமாக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்தேன். அந்தப் படங்களில் பாதி அழிந்தே போய்விட்டதாம், இந்தப் போட்டோக்கள்தான் மிச்சமாம். போன வாரம் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மனுஷர் காலையிலேயே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். அவள் கையுறை மாட்டி, அப்பா சுற்றிச் சுற்றி ஒட்டிய டேப்பை அறுத்து முதல் டப்பாவைத் திறந்தாள், அப்பப்பா, வினிகர் பாட்டில் உடைந்தது போல ஒரு நெடி, எனக்குக் கண்ணே எரிந்தது. உள்ளே ஃபிலிம் எல்லாம் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. "ஐயா, நாளானா இந்த ஃபிலிமே ஒரு ஆவி விடும், அது வெளிய போகணும், நீங்க இறுக்கி மூடினதால உள்ளயே நின்னு ஃபிலிமையே தின்னுடுச்சு" என்று பாவம் மெதுவாகத்தான் சொன்னாள். காத்து பட்டா போச்சு, காத்து பட்டா போச்சு என்று நம் எல்லோரையும் விரட்டிய மனுஷர் தானே அடுத்த டப்பாவின் டேப்பை அறுக்க ஆரம்பித்தார். திறந்த டப்பா எல்லாம் அதே கதி. கடைசியில் கட்டிலுக்கு அடியில் ஒன்று, நீ சின்னதில் மூடியை உருட்டி விளையாடித் தொலைத்துவிட்டு அப்பாவிடம் முதுகு வீங்க வாங்கினாயே, அந்த டப்பா, மேலே ஒரு பழைய துணிதான் கிடந்தது. அதில் மட்டும் அத்தனையும் பளிச்சென்று இருக்கிறதடா! ராணி வேஷத்தில் ஒரு நடிகை ஸ்டூலில் உட்கார்ந்து தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொள்கிறாள், பின்னால் லைட் போடுகிறவர் கொட்டாவி விடுகிறார். அந்தப் பெண் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனாள். இது மட்டும் எப்படித் தப்பித்தது என்று கேட்டாள். "எம்பையன் காப்பாத்தினான்" என்று சொல்லிவிட்டு உங்கப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதை மட்டும் எடுத்துப் போனாள். மற்றதைக் காப்பகத்தில் சேர்த்தால் அங்கே இருக்கிற நல்லதும் கெடுமாம், ஒட்டிப்போனதைப் பிரிக்கவும் வழியில்லையாம். நீ அங்கிருந்து மெஷின் கிஷின் என்று எதையும் விசாரித்து அனுப்பாதே, கேட்டாகிவிட்டது. இப்போது எல்லா டப்பாவையும் திறந்து போட்டு, ஜன்னலையும் திறந்து, ஃபேனைச் சுழலவிட்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். திட்டவும் மனசு வரவில்லை, சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நானும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். வேறு என்னடா செய்வேன்?

வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. குட்டிக்கு இருமல் என்றாயே, தலையை ஈரமாக விடாதீர்கள். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். இந்த நெடி போய்விட்டால் ஃபிலிம் சரியாகிவிடுமா என்று அப்பா கேட்பார், என்னிடம் தினமும் கேட்கிறார். சரியாகிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ மாற்றிச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா